ஓரவஞ்சனை மாத்திரை

என் கண்ணில் ஒரு இமைமுடிகூட மிச்சமில்லாத நாளில், அந்த அக்காவின் இமைமுடியை நான் கத்தரித்துவிட்டேன். மருத்துவமனை வாசலில், எங்கள் காடியின் பின்சீட்டில் வைத்து. நீளமாக வளர்ந்து சுருண்டு கண்ணுக்குள்ளேயே குத்துகிறதாம். "தங்கச்சி, உனக்குத்தான் கை நடுங்காது, கொஞ்சம் வெட்டி விடும்மா" என்று ஒரு சின்னக் கத்தரிக்கோலை நீட்டினார். நான் துணித்தொப்பி போட்டிருந்தேன். தொப்பிக்குள் ஒன்றுமில்லை. புருவத்தைப் பென்சிலால் வரைந்திருந்தேன். அப்படிப்பட்டவளிடம் வந்து, முடி அதிகமாகிவிட்டது குறைத்துவிடு என்று கேட்கிற மனுஷியை என்ன செய்வது? வெட்டினேன். இடது பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டினேன்.

அக்கா லூபோக் சீனா பக்கத்துக்காரர். தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி, இடுப்பு விட்டுப்போனதும் வேலையை விட்டவர். புருஷன் இல்லை. மகன் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான். நான் இருப்பது சுங்கை ஊடாங்கில், பள்ளிக்கூட ஆபீஸில் கிராணி. என் வீட்டுக்காரர் எண்ணெய் ஆலையில் ஷிப்டு வேலை. எனக்கும் அக்காவுக்கும் நுரையீரலில் கட்டி வந்திருக்காவிட்டால் நாங்கள் இந்த ஜென்மத்தில் சந்தித்திருக்க மாட்டோம். இரண்டு பேரும் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. என் வீட்டில் ஊதித் தள்ளியவர் வீட்டுக்காரர், வாங்கிக்கொண்டது நான்.

முதல் நாள், மருத்துவமனை நாற்காலி வரிசையில் அக்கா ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். பாதியைப் பிய்த்து என் மடியில் வைத்தார். வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"பசியாறுனியா தங்கச்சி?"

"ஆச்சு."

"உனக்கு எங்க?"

"நுரையீரல்ல."

"எனக்கும் அங்கதாம்மா!" என்று சொந்த ஊர்க்காரியைப் பார்த்துவிட்ட மாதிரி சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இந்த நோயில் தனியாக இருப்பதுபோல் கொடுமை வேறில்லை. அந்த ஆரஞ்சைத் தின்றுகொண்டே நாங்கள் பாதி உறவாகிவிட்டோம்.

அந்த உறவு கட்டியின் சதையைச் சோதித்த முடிவு வரும் வரைக்கும்தான் ஒழுங்காக இருந்தது. அக்காவுக்கு டாக்டர் அறைக்குள்ளும் தனியாகப் போகப் பிடிக்காது. என்னையும் இழுத்துக்கொண்டு போவார். டாக்டர் ஒரு சின்ன வயசு மலாய்ப் பெண், பொறுமைசாலி. அக்காவுக்கு வீட்டிலேயே போட்டுக்கொள்ளத் தினம் ஒரு மாத்திரை என்றார். பிறகு என் முறை வந்தது. எனக்கு டிரிப் என்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதானே?" என்று மலாயில் கேட்டேன். குரல் எனக்கே சண்டைக்குரலாகக் கேட்டது.

டாக்டர் காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கினார். டிரிப்பில் ஏறுகிற மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. எந்த செல் வேகமாகப் பெருகுகிறதோ அதை அடிக்கும். புற்று வேகமாகப் பெருகும், அதனால் அடிவாங்கும். ஆனால் முடியின் வேர், வாயின் உள்தோல், குடல், ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜை எல்லாமே வேகமாகப் பெருகுகிறவைதான். அவையும் சேர்ந்து அடிவாங்கும். அடிபட்ட நல்ல செல் மறுபடி எழுந்துகொள்ளும், புற்று அவ்வளவு சுலபமாக எழுந்துகொள்ளாது. அந்த இடைவெளியை வைத்துத்தான் வைத்தியமே நடக்கிறது. அக்காவின் விஷயம் வேறு. அவர் கட்டியில் 'வளரு, வளரு' என்று சொல்கிற ஒரு சுவிட்ச் மாறிப்போய், அணையாமல் நிற்கிறது. அந்த மாத்திரை அதைத் தேடிப்போய் அணைக்கும். மற்ற இடங்களை அதிகம் தொந்தரவு செய்யாது. தோலிலும் குடலிலும் அதே வகை சுவிட்ச் ஒழுங்கான நிலையில் இருப்பதால் கொஞ்சம் பரு வரும், இமைமுடி நீளும், வயிறு போகும், அவ்வளவுதான்.

"என் கட்டியில அந்தக் கோளாறு இல்லையா?"

"தாக் அடா, புவான்" என்றார். இல்லையாம். மாத்திரை உள்ள வேறு எந்தக் கோளாறும்கூட இல்லையாம்.

உடம்பில் ஒரு கோளாறு இல்லை என்று கேட்டு அழுத ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

இது போதாதென்று என் வீட்டுக்காரருக்கு இரக்கசுபாவம் வேறு. அக்கா இரண்டு பஸ் மாறி மலாக்காவுக்கு வருகிறார் என்று தெரிந்ததும், "சுங்கை ஊடாங் வரைக்கும் வந்துடுங்கக்கா, அங்கேருந்து நம்ம காடியிலயே போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் டிரிப் நாளும் அவர் மாத்திரை வாங்குகிற நாளும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டாலும், துணைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார்.

முன்சீட்டில் நான். மருத்துவமனை ஞாபகம் வந்தாலே குமட்டும் என்பதால் மடியில் பிளாஸ்டிக் பை. பின்சீட்டில் அக்கா, மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். தஞ்சோங் கிளிங் தாண்டுவதற்குள் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார். நாசிலெமாக் சோறு, இல்லாவிட்டால் கறிபாப், இல்லாவிட்டால் முதல் நாள் இட்லி. சம்பல் வாசனை காடி முழுக்க ஏறும். என் வாய்க்குள் புண், எச்சில் விழுங்கினால் மிளகாயை விழுங்குகிற மாதிரி எரியும். "கொஞ்சூண்டு சாப்பிடு தங்கச்சி, காரமில்லாத பக்கமா எடுத்து வெச்சிருக்கேன்" என்பார். நான் கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்ப்பேன். என் பங்கையும் சேர்த்து என் வீட்டுக்காரர் சாப்பிடுவார். "அக்கா கைப்பக்குவமே தனி" என்று சர்ட்டிபிகேட்டும் கொடுப்பார். சிவப்பு விளக்கில் காடி நிற்கும்போது அவர் கையை எட்டிப் பிடித்துக் கடித்துவைக்கலாமா என்றிருக்கும்.

பங்கு வைக்காமல் அக்காவால் எதையும் வாயில் போட முடியாது. அதுதான் அவர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மலாய்க்கார மாக்சி அம்மாவுக்குப் பாதி பழம். மருந்து வாங்குமிடத்தில் அழுத குழந்தைக்குப் பாதி பிஸ்கட். தண்ணீர் பாட்டிலைக்கூட என்னிடம் நீட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பார். தோட்டத்தில் தீபாவளிக்குப் பல வீடுகள் சேர்ந்து ஒரு ஆட்டை அடித்தால், இறைச்சியைக் கூறு போடுவது அக்காதானாம். வாழை இலையை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு இலையிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் எலும்பு, ஒரு துண்டு ஈரல், ஒரு துண்டு கொழுப்பு. வேலை வாங்கும் தண்டல் வீட்டு இலை, சீக்காளி வீட்டு இலை என்ற பேதமே கிடையாது.

"ஒரு எலையில ஈரல் கூடிப்போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காதும்மா" என்று அக்கா சொல்லும்போது என் வீட்டுக்காரர் 'ஆகா' என்பார். எனக்கோ எரியும். நோய் என்று வந்தபோது ஈரல் முழுக்க இவர் இலையில்தானே விழுந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் முகத்தில் பரு வந்ததைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. நெற்றியிலும் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்புச் சிவப்பாக, வயசுக்கு வந்த பெண் மாதிரி. அக்காவுக்கு வெட்கம். டாக்டரோ, "இது மருந்து வேலை செய்றதோட அடையாளமா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பருக்கள் எனக்கு மெடல்களாகத் தெரிந்தன. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். வெளிறி, வழவழவென்று, ஒரு பரு இல்லாமல் இருந்தது.

ஒரே ஒரு நாள் அக்காவுக்கு நடுவழியில் வயிறு கலக்கிவிட்டது. தஞ்சோங் கிளிங் பெட்ரோல் எண்ணெய்க் கடையில் காடியை நிறுத்தி, அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தபோது என் மனசு லேசாகிவிட்டது. கொஞ்சம் சிரித்தும்விட்டேன். திரும்பி வந்தவர் அவமானப்பட்டு உட்காருவார் என்று பார்த்தால், "இனிமே நீ வாந்தி எடுக்கிறப்ப நான் தைரியம் சொல்லலாம், எனக்கும் கொஞ்சம் கஷ்டம் வந்துடுச்சுல்ல" என்று என் தோளைத் தட்டினார். இந்த மனுஷியோடு நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட முடியாது.

பிறகு ஸ்கேன் வந்தது. அக்காவின் கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. என்னுடையது அப்படியே இருந்தது. கூடவில்லை, அதுவே நல்ல செய்தி என்றார் டாக்டர். திரும்பும் வழியில் அக்கா மெதுவாகப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்தக் காகிதச் சத்தம் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"உங்களுக்கென்னக்கா! மாத்திரையப் போட்டமா, நாசிலெமாக் சாப்பிட்டமான்னு இருக்கீங்க. எனக்கு மட்டும் தலையிலேருந்து கால் வரைக்கும் அடி. நோவுதான் ஒண்ணு, மருந்துல இப்படி ஓரவஞ்சனை. நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

என் வீட்டுக்காரர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். அக்கா பொட்டலத்தைத் திரும்ப மூடி ரப்பர் போட்டார். சுங்கை ஊடாங்கில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீ சொல்றது ஞாயந்தான் தங்கச்சி."

அவ்வளவுதான். கோபமில்லை, வருத்தமில்லை. என்னவோ கணக்குப் போடுகிற முகத்தோடு பஸ்ஸைப் பார்த்துப் போய்விட்டார்.

அடுத்த முறை பார்த்தபோது அக்காவின் முகம் தெளிந்திருந்தது. பரு எல்லாம் வாடி, பழைய மாநிறம் திரும்பியிருந்தது. எனக்கு இன்னும் எரிந்தது. மாத்திரையும் வேண்டும், முடியும் வேண்டும், இப்போது முகமும் பளபளப்பா? அதற்கடுத்த முறை இன்னும் தெளிந்திருந்தது. பொறாமைக்காரியின் கண்ணைப்போல வேறு கண் கிடையாது. டாக்டர் கவனிப்பதற்கு முன்பே நான் கவனித்துவிட்டேன். ஏன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு மாலை இறங்கும்போது, கைக்குட்டையில் கட்டிய ஒரு முடிச்சை என் கைப்பைக்குள் திணித்தார். "வீட்டுல போய்ப் பாரு. அந்த டாக்டர் பொண்ணுகிட்ட மூச்சு விடாத" என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார். பணியாரம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் அவிழ்த்தேன். மாத்திரைகள். அட்டையைக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, ஓரம் கையைக் கிழிக்காதபடி முனைகளை மழுக்கி வைத்திருந்தார். ஒரு கைப்பிடி இருக்கும். போன் செய்தேன்.

"ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் உனக்குன்னு எடுத்து வெச்சேம்மா" என்றார் அக்கா, கூச்சத்தோடு. "இனிமே மாசாமாசம் தர்றேன். முடி மொளைச்சிடும் பாரு."

போனை வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "போட்டுத்தான் பாரேன். என்ன கெட்டுப்போச்சு?" என்றார். அவருக்கு நான் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் ஆசை இல்லாமலில்லை. மாதக்கணக்கில் நான் கண் வைத்த மாத்திரை, என் மேசைமேல், எனக்கென்றே கிடக்கிறது. ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீரும் ஊற்றிவிட்டேன்.

அப்போதுதான் அக்காவின் முகம் தெளிந்தது எதனால் என்று உறைத்தது. மேசைமேல் கிடந்த ஒவ்வொன்றும் அவர் போடாமல் விட்ட ஒரு நாள். பாதி சுருங்கிய கட்டி, பாதி மருந்தில் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறதோ. எனக்கு வந்தது கோபம். எவ்வளவு கொழுப்பு இருந்தால் இப்படி ஒரு மருந்தைக் கூறு போடுவார்! எனக்குக் கிடைத்திருந்தால் அட்டையைக்கூட நக்கியிருப்பேன்.

"காடியை எடுங்க, நாளைக்குக் காலையிலயே லூபோக் சீனா போறோம்" என்றேன்.

அந்த வீட்டுக்கு நான் போனது இரண்டே தடவை. அன்றைக்கு ஒரு தடவை, பிறகு அக்காவின் காரியத்துக்கு. இடையில் இரண்டு தீபாவளி வந்து போனது, இரண்டுக்கும் அக்கா நன்றாகத்தான் இருந்தார். அதற்கப்புறம் புற்று அந்த மாத்திரைக்குப் பழகிவிட்டது. அதைப் போடுகிற பெரும்பாலோருக்கு ஒரு நாள் அப்படி ஆகும் என்றார் டாக்டர். விட்டுப்போன நாட்களால் சீக்கிரம் வந்துவிட்டதா என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கோ அந்த டிரிப்பே மெல்ல மெல்லக் கேட்டது. முடி முளைத்திருக்கிறது, முன்னைவிட மெலிசாக, சுருட்டையாக. வேலைக்குப் போகிறேன்.

முடிச்சோடு போய் நின்ற அன்றைக்குக் காலையில் எங்களைப் பார்த்ததும் அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. கோப்பி கலக்கப் போனவரைப் பிடித்து உட்காரவைத்து, கைக்குட்டை முடிச்சை அவர் முன்னால் வைத்தேன்.

"ஏம்மா, போடலியா?"

"இது எனக்குக் கேக்காதுக்கா."

"அதெப்படிலா கேக்காது? உனக்கும் எனக்கும் ஒரே எடத்துலதானே?"

"எடம் ஒண்ணுதான். உங்க கட்டியில இருக்கிற கோளாறு என் கட்டியில இல்ல. இந்த மாத்திரை அந்தக் கோளாறைத்தான் தேடிப் போகும். என் உடம்புக்குள்ள போனா தேடிட்டு, ஒண்ணும் கெடைக்காம, தோலையும் வயித்தையும் கெடுத்துட்டு வெளிய போயிடும். டாக்டர் உங்க முன்னாலதானே சொன்னாங்க."

"அந்தப் பொண்ணு என்னை வேண்டியவளாப் பார்த்துக் குடுக்குதுன்னுல்ல நெனச்சேன்" என்றார் அக்கா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். இத்தனை மாதமும் எனக்குச் சேர வேண்டியதைத் தான் தின்பதாகக் குறுகிப்போய் இருந்திருக்கிறார். "மருந்துக்குமா ஆள் பார்க்கத் தெரியும்?"

"தெரியும். இது உங்களுக்குன்னே உள்ளது."

அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் என் வாய்ப்புண்ணெல்லாம் மறுபடி எரிந்தது. எனக்கென்று யாராவது சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. அதை என் வாயாலேயே, இந்த அக்காவுக்கு.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப உனக்குன்னு என்னம்மா இருக்கு?"

"எனக்கு அந்த டிரிப் இருக்கு. எல்லாரையும் அடிக்கிறது. அது என் பாடு. நீங்க இன்னைக்கு உள்ளதைப் போடுங்க, மிச்சத்தை டாக்டர்கிட்ட காட்டி என்ன செய்யணும்னு கேப்போம்."

ஒரு மாத்திரையைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா மாத்திரையைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார். விரல்கள் மூடிக்கொண்டன.

"போங்கக்கா, முழுங்குங்க. நீங்க முழுங்கினாத்தான் நான் எழுந்திரிப்பேன்."

"நீ எதுத்தாப்ல உக்காந்து பார்த்துக்கிட்டிருக்க, நான் மட்டும் எப்படிம்மா?"

"எப்படியோ. எனக்குத் தெரியாது."

அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, திருடித் தின்கிறவர் போல அவசரமாக விழுங்கினார். திரும்பாமலேயே பேசினார்.

"முழுங்கிட்டேன் தங்கச்சி. கோவிச்சுக்காத."